கறுப்பு ரொட்டியும் காலி நாற்காலியும்

அந்தப் பேருந்து நிலையத்தில் ஆயிரக்கணக்கான பேர் அவள் சொன்னபடி நடந்தார்கள். ஐந்தாம் நடைமேடை என்றால் ஐந்துக்கு ஓடினார்கள். மாற்றம், எட்டு என்றால் மூட்டை முடிச்சோடு முணுமுணுத்துக்கொண்டே எட்டுக்கு வந்தார்கள். வீட்டில் அவள் சொல்லி ஒரு பூனைகூட எழுந்து நகர்ந்ததில்லை.

நிலையத்தில் அவளை மைக்காரி என்பார்கள். இரும்புப் படிகளில் ஏறினால் மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த சின்ன அறை. ஒரு மேசை, ஒரு மைக், காலடியில் ஒரு ஹீட்டர், கீழே இருக்கும் டைம் கீப்பரோடு பேச ஒரு பழைய இன்டர்காம். அங்கே உட்கார்ந்துதான் ஊரின் போக்குவரத்தை அவள் தன் தொண்டையில் கட்டி வைத்திருந்தாள். குரலை எல்லோருக்கும் தெரியும், முகத்தை யாருக்கும் தெரியாது. காய்கறிக் கடையில் "அரைக் கிலோ வெங்காயம்" என்றால் கடைக்காரர் தராசை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பார், எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று. அவள் வாயைத் திறக்காமல் பையை நீட்டுவாள்.

"பேசறதுக்குச் சம்பளம் வாங்கறவங்க, அதான் வெளில சும்மா பேச மாட்டேங்கறாங்க" என்று டைம் கீப்பர் கேலி செய்வார்.

கல்யாணமும் அந்த அறையிலேயேதான் முடிவானது. ஒலிபெருக்கி பழுது பார்க்க வந்த எலக்ட்ரீஷியன், "ஹலோ, இன்னொரு தரம் சொல்லுங்க, தெளிவா கேக்கல" என்று அரைநாள் அவளைப் பேச வைத்தான். அன்றைக்கு ஸ்பீக்கரில் ஒரு கோளாறும் இல்லை என்பதைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் ஒப்புக்கொண்டான். அவன் நல்லவன். அவனுடைய ஒரே குறை, அவன் இளையவனாகப் பிறந்ததுதான்.

அங்கேதான் வில்லங்கம். அவனுடைய அண்ணன் முந்தின வருஷமே கல்யாணம் செய்திருந்தான். அந்த மூத்த மருமகள் மைக்காரியைவிட இரண்டு வயது சின்னவள். முறைக்கு அவள் மூத்தவள், வயதுக்கு இவள் மூத்தவள். யார் யாரை அக்கா என்பது? முதல் நாள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள், மற்றவள் முதலில் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பு பதினெட்டு வருஷம் ஓடியது. "இங்க பாருங்க", "ஏங்க, கேக்குதா" என்றே காலம் தள்ளினார்கள்.

ஓரகத்திக்கு ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை. வருகிறவர்களுக்கெல்லாம் பல் தெரியச் சிரித்து வணக்கம் சொல்லும் உத்தியோகம். மைக்காரி அவளுக்கு மனதுக்குள் பல்லழகி என்று பெயர் வைத்திருந்தாள். அவள் இவளுக்கு வெளிப்படையாகவே மைக் செட் என்று பெயர் வைத்திருந்தாள். முன்பின் தெரியாதவர்களை வரவேற்றே இருவரும் வயிறு வளர்த்தார்கள். ஒரே வாடகை வீட்டில் ஒருத்தி கீழே, ஒருத்தி மாடியில். படிக்கட்டில் எதிரெதிரே வந்தால் இருவருக்கும் சுவர் வெள்ளை அடித்ததா என்று பார்க்க வேண்டியிருந்தது.

ஆனால் குளிர்கால விடுமுறை வந்தால் பார்க்காமல் தப்ப முடியாது. மலைமேல் இருக்கும் மாமனார் வீட்டில் அந்த மூன்று நாளும் குடும்பம் கூட வேண்டும். அந்தக் குடும்பத்துக்கென்று சில விதிகள் இருந்தன. எந்தக் கிறுக்கன் எப்போது போட்டானோ, மாற்ற ஒருவருக்கும் துணிவில்லை. முதல் நாள் விருந்தில் இளையவர் மூத்தவரைப் பார்த்து, "குளிர் உங்க வாசல் தாண்டாம இருக்கட்டும்" என்று வாழ்த்த வேண்டும். மூத்தவர், "உன் அடுப்பு அணையாம இருக்கட்டும்" என்று பதில் சொல்லி ரொட்டியின் ஓரத்தில் ஒரு துண்டு கிள்ளி இளையவர் வாயில் வைக்க வேண்டும். பதில் கிடைக்காத வாழ்த்து ஒன்று பாக்கி இருந்தாலும் மாமனார் ரொட்டியில் கத்தி வைக்க மாட்டார். வாழ்த்துக்கு முன்னால் அந்த ரொட்டியைச் சுட்டவளே ருசி பார்க்கக் கூடாது.

மாமியார் இருந்தவரை இவர்கள் தகராறுக்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். "ரெண்டு பேரும் ஒரே மூச்சுல சொல்லித் தொலைங்கடி" என்பாள். இருவரும் சேர்ந்து கடகடவென்று சொல்லிவிட்டு, ஒருத்தி வாயில் ஒருத்தி ரொட்டியைத் திணிப்பார்கள். மாமியார் இறந்த பிறகு, வாழ்த்து நேரம் பார்த்து ஓரகத்திக்கு அடுப்படியில் சூப் பொங்கிவிடும். சூப் அவளுடையது, ரொட்டி இவளுடையது. அது யாரும் பங்கு போட்டுக் கொடுத்ததல்ல. மாமியார் ரொட்டி செய்யக் கற்றுக்கொடுத்த குளிர்காலத்தில் ஓரகத்தி மசக்கையாக இருந்தாள். ஆரஞ்சுத் தோல் கொதிக்கிற வாசனை பட்டாலே வாந்தி எடுத்தாள். அதனால் அது இவள் கைக்கு வந்தது.

கறுப்பு ரொட்டி என்று வீட்டில் சொல்வார்கள். உலர் திராட்சை, பேரீச்சை, உடைத்த பருப்புகள், கருக விட்ட சர்க்கரைப் பாகு, ஆரஞ்சுத் தோல், ஒரு சிட்டிகை மிளகு. சுட்டு எடுத்தால் செங்கல் கனம், கரி நிறம். பார்க்கிறவன் பயப்படுவான், தின்றவன் இன்னொன்று கேட்பான்.

எல்லாவற்றுக்கும் மேலே நாற்காலி விதி. மாமனார் பழைய லாரி ஓட்டுநர், பாதிச் செவிடு, முழுப் பிடிவாதம். விருந்து மேசையில் ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்காலி உண்டு. வராதவர் நாற்காலியை உடனே பரணில் ஏற்றிவிடுவார். "காலியா ஒரு நாற்காலி இருந்தா குளிர் வந்து உக்காந்துக்கும்" என்பார். மாமியாரின் நாற்காலி பரண் ஏறியது. கோபித்துக்கொண்டு போன ஒரு சித்தப்பாவின் நாற்காலி ஏறியது. போன வருஷம், நுரையீரல் கெட்டு இறந்த இவள் புருஷனுடைய நாற்காலியும் ஏறியது. ஏறிய நாற்காலி எதுவும் இதுவரை இறங்கியதில்லை.

பிள்ளை இல்லாதவள், புருஷனும் போய்விட்டான். பிறந்த வீட்டில் பேர் சொல்ல ஆள் இல்லை. உலகத்தில் அவளுக்கென்று ஒதுக்கிய ஒரே இடம் அந்த மேசையில் ஜன்னலை ஒட்டிய நாற்காலிதான். அதைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்கிற ரகமல்ல அவள்.

இந்த வருஷம் விடுமுறை நெருங்கியபோது, படிக்கட்டில் ஓரகத்தி வழி மறித்தாள்.

"இந்த வருஷம் விருந்து இல்லைங்க. மாமாவுக்கு நெஞ்சு சளி. யாரும் வர வேணாம்னுட்டாரு."

"எப்ப சொன்னாரு?"

"தேதியெல்லாம் ஞாபகம் இல்லைங்க. மணி பார்த்து வாழற உத்தியோகமா எனக்கு?"

"நான் ஒரு தடவ போன் பண்ணிப் பேசறேன்."

"பேசுங்களேன். காது கேக்காதவருகிட்ட மைக் இல்லாம எப்படிப் பேசறீங்கன்னு நானும் பாக்கறேன்."

மைக்காரி போன் பண்ணவில்லை. போனில் கத்துவது என்றாலே அவளுக்கு உடம்பு கூசும். அதோடு, விருந்து உண்டா என்று தானாகக் கேட்பது, என்னையும் கூப்பிடுங்கள் என்று கையேந்துவது போல இருந்தது. புருஷனின் அண்ணனான மூத்தாரைப் பார்த்துக் கேட்டாள். அவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவர், வீட்டுச் சண்டையில் தானும் ஒரு பெட்டியாகவே நின்றுவிடுவார். "ம்... உடம்பு... ஆமா" என்று குழாயைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

ஓரகத்தி பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. போன வருஷம் புருஷன் போன துக்கத்தோடு விருந்துக்குப் போன மைக்காரி, ஓரகத்தியின் சூப்பைக் கரண்டியால் கிண்டிப் பார்த்து, "எலும்பு தனியா நீந்துது, கரைக்கு யாராவது தூக்கி விடுங்க" என்றாள். வருஷத்துக்கு ஒரு தடவைதான் அவள் இப்படி ஏதாவது சொல்வாள். சொன்னால் அது தையல் போட வேண்டிய வெட்டாக விழும். மேசையே சிரித்தது. ஓரகத்தி மட்டும் சிரிக்கவில்லை. அன்றிரவு அடுப்படியில் அவள் தன் புருஷனிடம் சொன்னது இவள் காதில் விழுந்தது. "கொழுந்தனே போயாச்சு. இன்னும் இவங்க எந்த முறைல இங்க வந்து உக்காந்து என் சூப்ப நொட்டை சொல்றாங்க?"

விருந்து இல்லை என்றதும் மைக்காரி விடுமுறை நாளுக்கும் வேலை கேட்டு எழுதிக்கொடுத்தாள். குடும்பஸ்தர்கள் மகிழ்ந்தார்கள்.

முந்தின நாள் மாலை, சமையலறையில் காபிக்குப் பால் வைத்தபோது, குழாய்ச் சந்து வழியாக வாசனை மேலே வந்தது. ஆரஞ்சுத் தோல் கொதிக்கிற வாசனை.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள். நெஞ்சு சளிக்கு யார் ஆரஞ்சுத் தோலை வேக வைப்பார்கள்? கொஞ்ச நேரத்தில் பாகு கருகும் வாசனை, அப்புறம் மிளகு. கீழ்வீட்டில் கறுப்பு ரொட்டி தயாராகிறது. விருந்து உண்டு. இவளுக்குத்தான் இல்லை.

முகம் சுட்டது. ஆனால் காது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. கீழ்த்தொட்டியில் தண்ணீர் கொட்டினால் அந்தக் குழாய் இவள் சுவருக்குள் களகளவென்று சத்தம் போடும். தோலைக் கொதிக்க வைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்ட வேண்டும். மூன்று தடவை. இல்லையென்றால் கசப்பு போகாது. வாசனையை மோந்தே செய்முறையைப் பிடித்த ஓரகத்திக்கு அந்தத் தண்ணீர் விஷயம் மட்டும் வாசனையில் வரவில்லை. குழாய் ஒரு தடவைகூடக் களகளக்கவில்லை.

இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் கதவைத் தாழிட்டாள். ஊறப்போட்டு மூலையில் வைத்திருந்த திராட்சைச் சட்டியை எடுத்தாள். கொண்டுபோக மேசை இல்லை, வெட்ட ஆள் இல்லை. இருந்தும் தோலை வேக வைத்தாள். மூன்று தண்ணீரையும் ஒவ்வொன்றாக, கீழே கேட்கட்டும் என்று ஓங்கிக் கொட்டினாள்.

மறுநாள் காலை நிலையம் திருவிழாக் கூட்டமாக இருந்தது. கம்பளிக் குல்லாய்களும் பெட்டிகளும் பலகாரப் பொட்டலங்களுமாக நடைமேடைகள் நெரிந்தன. துணியில் சுற்றிய ரொட்டி மைக்காரியின் மேசைக்கடியில் ஹீட்டர் பக்கத்தில் இருந்தது. எதற்குத் தூக்கி வந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

இன்டர்காமில் டைம் கீப்பர், "என்னம்மா, மேலேருந்து வாசனை தூக்குது. கீழ ஒருத்தன் பச்சைத்தண்ணி குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான், ஞாபகம் இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"ஞாபகம் இருந்து என்ன பிரயோசனம், துண்டு வரலியே."

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். ஆறாம் நடைமேடையில் நீலப் பெட்டி. பக்கத்தில் மூத்தார், காலேஜ் படிக்கும் அவர் மகள், நடுவில் ஓரகத்தி. நல்ல கோட்டு போட்டிருந்தாள். மார்போடு அணைத்திருந்தது ஒரு ரொட்டி டின். கைக்குழந்தையைக்கூட அவள் அவ்வளவு பத்திரமாகப் பிடித்ததில்லை.

வாசனை வேறு, கண்ணால் காண்பது வேறு. மைக்காரியின் கை தானாக மைக் பொத்தானுக்குப் போனது. ஒரு பொய் போதும். மலைப் பேருந்து மூன்றாம் நடைமேடைக்கு வருகிறது என்றால், மூவரும் அந்தக் கோடிக்கு ஓடுவார்கள். திரும்பி வருவதற்குள் பேருந்து போயிருக்கும். அடுத்தது சாயங்காலம்தான். விருந்து முடிந்து பாத்திரம் கழுவப் போய்ச் சேரலாம். கட்டைவிரல் பொத்தானின் மேலேயே நின்றது. ஆனால் அவள் குரல் அதுவரை ஒரு பயணியைக்கூடத் தெரிந்தே தப்பான இடத்துக்கு அனுப்பியதில்லை. இந்தப் பல்லழகிக்காக அதைக் கெடுத்துக்கொள்வதா?

அப்போதுதான் அவளுக்கு அதைவிடக் கூர்மையான ஆயுதம் தட்டுப்பட்டது. அதற்கு விலை இருந்தது. பதினெட்டு வருஷத்து வீம்பு. அவள் ஒரு வாய் வெந்நீர் குடித்தாள், தொண்டையைச் செருமினாள், பொத்தானை அழுத்தினாள்.

"பயணிகள் கவனத்திற்கு. ஆறாம் நடைமேடையில் நீலப் பெட்டியுடன், கையில் ரொட்டி டின்னுடன் நிற்கும் என் அக்காவுக்கு ஒரு செய்தி. குளிர் உங்கள் வாசல் தாண்டாமல் இருக்கட்டும். மீண்டும் சொல்கிறேன். என் அக்காவுக்கு. குளிர் உங்கள் வாசல் தாண்டாமல் இருக்கட்டும். பதிலுக்காக அறிவிப்பு அறையில் காத்திருக்கிறேன்."

பதினோரு ஒலிபெருக்கிகளும் அதை ஊதின. எல்லாம் அவள் புருஷன் மாட்டியவை.

ஆறாம் நடைமேடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஓரகத்தி டின்னைக் கோட்டுக்குள் மறைக்கப் பார்த்தாள், மூடி திறந்துகொண்டது. டீ விற்கிறவன் தட்டோடு வந்து நின்றான். "கொடுத்து வச்சவங்கக்கா நீங்க! எங்க வீட்டுல போன்ல கூட வாழ்த்த மாட்டாங்க." யாரோ ஒரு பெரியவர், "போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாம்மா, பஸ் எங்க போயிடப் போகுது" என்றார். மகள் அம்மாவின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

இரும்புப் படி அதிர்ந்தது. கதவு திறந்தது. ஓரகத்தியின் மூக்கு நுனிவரை சிவந்திருந்தது.

"மானத்த வாங்கிட்டீங்க! ஊரக் கூட்டி டமாரம் அடிக்கறீங்களா?"

"வாழ்த்துதான சொன்னேன்."

"இதுக்குப் பேரு வாழ்த்தா? தலைல கல்லத் தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது."

"மாமாவுக்கு நெஞ்சு சளி எப்படி இருக்கு?"

ஓரகத்தி டின்னின் மூடியை அழுத்தி மூடினாள். "கரைஞ்சிடுச்சு."

"ரொட்டி டின்னப் பாத்ததும் கரைஞ்சிடுச்சா?"

"ஆமா, அப்படித்தான்னு வச்சுக்கங்க! வர வேணாம்னு நாந்தான் சொன்னேன், என்ன இப்ப? வருஷா வருஷம் நீங்க ஒரு ரொட்டியக் கொண்டாந்து வைப்பீங்க, எல்லாரும் ஆகா ஓகோம்பாங்க. நான் விடியக்காலைல எந்திரிச்சு மூட்டை எலும்ப வேக வச்சு ஊத்துவேன், நீந்துதுன்னு நக்கல் பண்ணுவீங்க. இந்த வருஷம் ரெண்டும் என் கையால. நீங்க இல்லாம ஒரு விருந்து நடக்குமா நடக்காதான்னு பாக்கணும் எனக்கு."

"நடக்காது. வாழ்த்தியாச்சு. பதில் சொல்லாம போனீங்கன்னா மாமா ரொட்டில கத்தி வைக்க மாட்டாரு."

"அவருகிட்ட யாரு சொல்லப் போறா?"

"நான்" என்றாள் மகள், வாசல்படியிலிருந்து. "அம்மா, பஸ் ஸ்டாண்டே கேட்டிருக்கு. தாத்தாவுக்குக் கூட கேட்டிருக்கும்."

ஓரகத்தி மகளை எரிப்பதுபோல் பார்த்தாள். பிறகு அவள் முகம் மெல்ல மாறியது. தன் கையில் என்ன விழுந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "அக்கான்னுதான சொன்னீங்க?"

"ஊரே கேட்டுச்சு."

"அப்ப யாரு மூத்தவ?"

மைக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு, "நீங்க" என்றாள்.

ஓரகத்தி டின்னைத் திறந்து ரொட்டியின் ஓரத்தைக் கிள்ளினாள். "உங்க அடுப்பு அணையாம இருக்கட்டும்" என்று சாபம் கொடுக்கிற தொனியில் சொல்லி, அந்தத் துண்டை இவள் வாய்க்குள் தள்ளினாள். விரல் நகம் உதட்டில் பட்டது.

மைக்காரி மென்றாள். முதலில் இனிப்பு, அப்புறம் மிளகு. அதற்குப் பின்னாலேயே வந்தது கசப்பு, நாக்கின் அடிவரை இறங்கி உட்கார்ந்துகொண்டது. எதிர்பார்த்ததைவிட மோசம். முகத்தில் ஒரு நரம்பும் அசையவில்லை.

ஓரகத்தி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன?"

"நல்லா இருக்கு."

அவள் அந்தக் குடும்பத்தில் சொன்ன வார்த்தைகளிலேயே கொடூரமானது அதுதான். ஓரகத்தியின் தோள்கள் இறங்கின. "பாத்தீங்களா! என்னமோ உங்க கை மட்டும்தான் கைங்கற மாதிரி..."

இன்டர்காம் கரகரத்தது. "மலை வண்டி ஆறு இல்லம்மா, பதினொண்ணு. பிரேக் டவுன் வண்டி ஒண்ணு ஆறை அடைச்சுக்கிட்டு நிக்குது. சீக்கிரம் சொல்லு, டிரைவர் அவசரக்குடுக்கை."

அறையில் மூவரும் அதைக் கேட்டார்கள். ஓரகத்தி மைக்கைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள். கீழே அவள் புருஷன் ஆறாம் நடைமேடையில் பெட்டிக்குக் காவல் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் போனை எடுக்கிற வழக்கமில்லை.

"சொல்வீங்களா மாட்டீங்களா?"

மைக்காரி குனிந்து, மேசைக்கடியிலிருந்து துணி மூட்டையை எடுத்து நீட்டினாள்.

"இது என்ன?"

"நான்."

"என்னது?"

"நான் வரல. டூட்டி. அதனால என் நாற்காலில இது உக்காரும். காலியா இருக்காதுல்ல, பரணுக்கு ஏத்த வேணாம்."

"உங்க நாற்காலி நேத்தே ஏறியாச்சுன்னு வச்சுக்கங்க."

"அப்ப இறக்கச் சொல்லுங்க."

"எனக்கு ரெண்டு கைதான் இருக்கு. பஸ்ல இடமும் இல்ல. உங்க ரொட்டிய நான் எதுக்குச் சுமக்கணும்?"

"நீங்க சுமக்க வேணாம். என் ரொட்டி அந்த வண்டில ஏறுதுன்னு தெரிஞ்சா நான் நடைமேடை மாத்தத்த சொல்லிடுவேன்."

மகள் இருவருக்கும் நடுவே கையை நீட்டி மூட்டையை வாங்கிக்கொண்டாள். "குடு சித்தி. மடியில வச்சுக்கறேன்." வாங்கும்போதே துணியை மோந்தாள். பிறகு அம்மாவின் டின்னைப் பார்த்தாள்.

"வாடி!" என்று ஓரகத்தி இறங்கினாள். பாதிப் படியில் நின்று திரும்பி, "மைக் செட்!" என்று கத்தினாள்.

மைக்காரி பொத்தானை அழுத்தினாள். "பயணிகள் கவனத்திற்கு. ஆறாம் நடைமேடையிலிருந்து புறப்பட வேண்டிய மலைப் பேருந்து, பதினோராம் நடைமேடையிலிருந்து புறப்படும்." தேன் தடவிய குரல். மூத்தார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது தெரிந்தது.

அன்று பகல் முழுவதும் தண்ணீர் குடித்தும் கசப்பு போகவில்லை. ரொட்டியையும் கொடுத்தாயிற்று. டைம் கீப்பருக்கு ஒரு துண்டும் மிஞ்சவில்லை, அவர் உர்ரென்று இருந்தார். விளக்கு போடும் நேரத்தில் போன் அடித்தது.

"ஏம்மா மைக்கு!" மாமனார் எப்போதும் லாரி சத்தத்துக்கு மேலேதான் பேசுவார். "இங்க ஒரு நாற்காலில ரொட்டி உக்காந்திருக்கு. என்ன கூத்து இது?"

"காலியா இருந்தா குளிர் வந்து உக்காந்துக்கும்னு நீங்கதான மாமா சொல்வீங்க."

"என்ன?"

வேறு வழியில்லை. அறிவிப்புக் குரலை எடுத்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

"சொல்வேன், சொல்வேன். பெரியவ ரொட்டிய வெட்டி வாயில வச்சேன். வேப்பங்கா! நாக்கச் சுரண்டிக்கிட்டு இருக்கேன். எனக்கு நெஞ்சு சளின்னு வேற சொன்னாளாமே. பேத்தி எல்லாத்தையும் கொட்டிட்டா. எனக்குச் சளி பிடிச்சே எத்தனையோ வருஷம் ஆச்சு."

பின்னாலிருந்து ஓரகத்தியின் குரல் பாய்ந்தது. "அவங்க நல்லா இருக்குன்னு சொன்னாங்க மாமா! கசக்குதுன்னு தெரிஞ்சே சொன்னாங்க! அதக் கேளுங்க முதல்ல!"

"கேட்டியா? நல்லா இருக்குன்னு சொன்னியா?"

மைக்காரி கண்ணாடியில் படிந்த பனியை விரலால் துடைத்தாள். "சொன்னேன்."

"ஒரே குட்டைல ஊறின மட்டைங்க. ரெண்டு பேரையும் சேத்துக் கட்டி வச்சு உதைக்கணும்." மூச்சு வாங்கினார். "உன் ரொட்டிய இன்னும் தொடல. நாற்காலில உக்காந்திருக்கறத வெட்டித் திங்க நான் என்ன கொலைகாரனா? நீ வந்து அத இறக்கிட்டு உக்காரு, அப்புறம் வெட்டலாம். நாளைக்கு விடுமுறை இருக்குல்ல?"

"டூட்டி இருக்கு மாமா."

"என்ன?"

"வரேன்னு சொன்னேன்!"

டைம் கீப்பரிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது முழு ரொட்டி என்று பேரம் படிந்த பிறகுதான் மாற்று ஆளுக்கு ஏற்பாடு செய்தார். மறுநாள் காலை அந்த ஆள் தாமதம். அதனால் மைக்காரி தான் ஏற வேண்டிய பேருந்தைத் தானே அறிவித்துவிட்டு, படி இறங்கி ஓடி, கடைசி ஆளாக ஏறினாள்.

வழியெல்லாம் அவள் ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டே போனாள்.

மேசையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோர நாற்காலியில், மடித்த துணியின்மேல், கறுப்பு ரொட்டி கம்பீரமாக வீற்றிருந்தது. மைக்காரி அதைத் தூக்கி மாமனார் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நாற்காலி கிரீச்சிட்டது. ஓரகத்தி கிண்ணத்தை ணங்கென்று அவள் முன்னால் வைத்தாள்.

"எலும்பு நீந்துதான்னு நல்லா பாத்துக்கங்க."

"தோல எத்தனை தண்ணி மாத்தினீங்க?"

"எந்தத் தோலு?"

"ஆரஞ்சுத் தோலு. கொதிச்ச தண்ணிய வடிச்சுக் கொட்டணும். மூணு தடவ."

ஓரகத்தி கரண்டியைச் சூப் சட்டியில் போட்டாள். "இத முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கலியே."

"கேட்டா சொல்லியிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப இப்ப எதுக்குச் சொல்றீங்க?"

மைக்காரி யோசித்தாள். தயார் செய்து கொண்டுவந்தது ஒரு குத்தல்தான். குத்துகிற வேகத்தில், இத்தனை வருஷம் கட்டிக் காத்த ரொட்டி ரகசியமும் சேர்ந்து வெளியே வந்துவிட்டது. அது அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது. எரிச்சலாக இருந்தது.

"வாய்ல இன்னும் கசக்குது, அதான்" என்றாள்.

"வாயை மூடிட்டுத் தின்னுங்க ரெண்டு பேரும்" என்று மாமனார் ரொட்டியில் கத்தியை வைத்தார்.